திரும்பு

கரும்பலகையில் 'திரும்பு' என்று எழுதிவிட்டு ஜெஸிந்தா டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள்: சிறியது, நடுத்தரம், பெரியது. மூன்றையும் சரியாக எழுதுகிற பிள்ளை பெரிய வாக்கியப் பெஞ்சுக்கு, அதாவது ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். நடுவட்டம் ஊருக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட் பள்ளியில் அதுதான் வழக்கம். அஞ்சலைக்குப் பன்னிரண்டு வயது. சிலோனில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்த புதிதில், சிலோன் பழக்கத்தில், அறையைக் 'காம்பரா' என்று எழுதிவிட்டாள். தமிழ் தெரியவில்லை என்று ஆறு வயதுப் பிள்ளைகளோடு சிறிய வாக்கியப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு வருடமாக முழங்கால் மேசையில் இடிக்க அங்கேயே இருக்கிறாள். இன்றைக்கும் தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் கொழுந்துக்கூடைதான். அம்மா மருதாம்பாள் சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அஞ்சலை சிலேட்டை நீட்டினாள்.

'அம்மா திரும்பினாள். பஸ் வளைவில் திரும்பி நின்றது. நாங்கள் பதுளையிலிருந்து வந்து கப்பலேறி இந்தியாவில் இறங்கினோம், ஆனால் இன்னும் திரும்பவில்லை.'

பிழை ஒன்றும் இல்லை. டீச்சர் சந்தோஷமாகத்தான் அதைத் தலைமையாசிரியர் இராஜமாணிக்கத்திடம் கொண்டுபோனார். அவர் மூன்றாவது வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"ஏனுங்க டீச்சர், தாயகம் திரும்பியோர்னு கவர்மெண்டே கார்டு குடுத்திருக்குது. இந்தப் புள்ள இன்னும் திரும்பலைங்குது?"

"இலக்கணம் சரியாத்தான சார் இருக்கு."

"இலக்கணம் சரிங்க. அர்த்தம் தப்பு. இன்ஸ்பெக்டர் பாத்தா என்ற சீட்டையில்ல கிழிப்பாரு."

டீச்சர் வகுப்புக்கு வந்து, "கடைசி வாக்கியத்த மட்டும் மாத்து, அஞ்சலை. 'நாங்கள் தாயகம் திரும்பினோம்.' அவ்வளவுதான்" என்றார்.

"நாங்க வந்தோம்தானே டீச்சர். அம்மா பொறந்ததே அங்கதான். முன்னப்பின்ன பாக்காத எடத்துக்கு எப்புடித் திரும்புறது?"

"டீச்சர், சிலோன்காரிக்குத் திரும்பத் தெரியலியாமா!" என்று ஒரு குரல் எழுந்தது. சிறிய வாக்கியப் பெஞ்சு மொத்தமும் இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சிரித்தது.

கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த மருதாம்பாள், வெறுங்கூடையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"எழுதுடி. கப்பலேறையில காட்டுன எடத்துல எல்லாம் கைநாட்டு வச்சேன். என்னா எழுதியிருக்குன்னு ஒருத்தனக் கேட்டேனா? ஒனக்கு ஒத்த சொல்லுக்குக் கை வலிக்குதோ?"

"அது பொய்யும்மா."

"பொய்தான். இந்தக் கூடை நெசம். எது வேணும் சொல்லு."

அஞ்சலை எச்சில் தொட்டு அழித்தாள். சொன்னதை எழுதினாள். இராஜமாணிக்கம் 'சரி' போட்டு அவள் தலையைத் தட்டினார். "இப்பத்தான் கண்ணு நீ நம்மூருப் புள்ள."

திங்கட்கிழமை பெரிய வாக்கியப் பெஞ்சில் அவள் முழங்கால் இடிக்கவில்லை. தகரக் கூரைமேல் கொட்டுகிற சத்தத்தில் டீச்சருக்கு வேறு சொல் தோன்றவில்லை; 'மழை' என்று எழுதிப் போட்டார். பக்கத்துப் பிள்ளைகள் சிலேட்டு நிறைய எழுதிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை, 'மழை பெய்தது' என்று எழுதியிருந்தாள்.

"பெரிய வாக்கியம், அஞ்சலை."

அவள் எச்சில் தொட்டு அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'இது மழை.'

முற்றுப்புள்ளியை மட்டும், பல்பம் ஒடிகிற வரை, அழுத்திக்கொண்டே இருந்தாள்.