பழி சுமந்த ஓடை

கார்ப்பாத்திய மலைச்சாரலில் இலையுதிர்காலத்து வைகறை மெல்ல அவிழ, மேட்டுச் சுனையில் பிறந்து, பாசி படர்ந்த கற்களிடையே நுழைந்து, வளைவுதோறும் சற்றே இளைப்பாறி, ஊரின் கீழ்ப்புல்வெளியைத் தழுவிச் சென்றது அச்சிற்றோடை. கரை நெடுகிலும் ஆல்டர் மரங்கள் தோளோடு தோள் நெருங்கி நின்று, விரல்களென வேர்களை நீருள் இறக்கி மண்ணைப் பற்றியிருந்தன. வேரிடுக்கில் கல்லிறால்கள் குடியிருக்க, நிழலில் புள்ளிமீன்கள் குளிர்ந்திருக்க, வெண்மார்புக் குருவியொன்று மூழ்கி எழுந்து இரை தேடிற்று.

அப்புல்வெளி கவ்ரிலாவுக்கு உரியது. சொன்ன சொல் பிறழாத குடியினர் என்று பெயர் பெற்ற அவர், மகள் அனுத்தாவுக்கு அதனைச் சீராகத் தருவதாய் ஊரார் முன் வாக்களித்திருந்தார். நிலம் காண வந்த மணமகனின் தந்தை தோதெர், உறவினர் நடுவே நின்று விளையாட்டாய்க் கேட்டார்.

"சம்பந்தி, புல்வெளின்னீங்க, பாதி காடால்ல இருக்கு? இங்க மாடு மேயுமா, கரடி மேயுமா?"

அனைவரும் நகைத்தனர். கவ்ரிலாவும் நகைத்தார், ஆயினும் அது முள்ளாய்த் தைத்தது. மறுநாள் கோடரி தீட்ட அமர்ந்தவரை மனைவி ரவேக்கா தடுத்தாள்.

"அந்த வேருதாங்க கரையப் பிடிச்சிருக்கு. சிரிச்சவங்க நாளைக்கே மறந்துடுவாங்க."

"நான் மறக்கணுமே" என்றார் அவர்.

மரங்கள் வீழ்ந்தன, அடிக்கட்டைகளும் எருது பூட்டி வேரோடு பெயர்க்கப்பட்டன. திருமண நாளில் புல்வெளி துடைத்த தட்டுபோல் விரிந்து கிடக்க, தோதெர் வாயாரப் புகழ்ந்தார்.

இளவேனிலில் மலைப்பனி உருகி வெள்ளம் வந்தது. ஆண்டுதோறும் வருவதே அது; பற்றுவார் இல்லாத கரை மட்டுமே புதிது. ஈரமாவெனக் கரைந்த மண்ணோடு புல்வெளியும் போய், சரளைக்கற்கள் எஞ்சின. கவ்ரிலா வாக்குத் தவறவில்லை. தமக்கென வைத்திருந்த மேட்டுநிலத்தை மகளுக்கு ஈந்தார். ஊர் அவரைக் கொண்டாடியது. வீழ்ந்த மரங்களை எவரும் நினையாமல், ஓடையைப் பேயோடை என்று தூற்றியது.

கோடையில் ஊரார் கூடி, ஓடையை நேராக்கிக் கல்லும் காரையும் கொண்டு இருபுறமும் கட்டிவிட எண்ணினர். நிலம் இழந்தவர் கவ்ரிலாவாதலால் முடிவை அவரிடமே விட்டனர். தோதெர் எதிரே அமர்ந்திருந்தார்.

"இந்தப் பேயி உங்களையே ஏமாத்திடுச்சே சம்பந்தி. ஒரு வார்த்தை சொல்லுங்க, அடக்கிடலாம்."

'வேரைப் பிடுங்கியவன் நானே' என்னும் சொல் கவ்ரிலாவின் நாவரை வந்தது. அதைச் சொன்னால் ஓடை பிழைக்கும். ஒரு கேலிக்காகத் தம் கரையைத் தாமே அழித்தவர் என்னும் பெயர் குடிக்கு நிற்கும். ரவேக்கா அவர் முகத்தையே நோக்கியிருந்தாள்.

"கட்டுங்க" என்றார்.

கற்றறிந்தோரே, இன்று அவ்விடத்தில் வளைவில்லை, நிழலில்லை, கல்லிறாலும் இல்லை. காரை வாய்க்காலினூடே நீர் நிற்க நேரமின்றி ஓடுகிறது. வாக்குக் காத்த பெருமகனாரென்று எதிர்ப்படுவோர் தொப்பி கழற்றி வணங்குகையில் கவ்ரிலா தலை நிமிர்ந்தே செல்கிறார். அவ்வோடையின் பாலத்தின்மேல் மட்டும் அவர் நடை விரைகிறது. ரவேக்கா அங்கே நின்று, எட்டிப் பார்த்து, பின்னரே வருகிறாள். அவர் இதுவரை திரும்பி அவளை அழைத்ததில்லை.