எதிர்ச்சரிவில் புகை

காலை வெயில் ஓடைவரை இறங்கிவிட்டது. எதிர்ச்சரிவில் இன்னும் புகை எழவில்லை.

அத்தாயி குழந்தையை மார்போடு அணைத்தபடி குடிசை வாசலில் நின்றாள். ஊருக்கு வெளியே, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக்கென்று போட்ட குடிசை அது. குழந்தை பிறந்து ஒன்பது நாளாகிறது. மருத்துவம் பார்த்த பாவாயியைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அது 1918ஆம் வருஷத்து ஐப்பசி. அடிவாரத்தில் விஷக் காய்ச்சல் வீடு வீடாக ஆட்களை வாரிக்கொண்டிருந்தது. அது தெரிந்தும், பிள்ளை பெறப்போகும் மனைவிக்குச் சுக்கும் கருப்பட்டியும் வாங்க முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினான் செங்கோடன். திரும்பி வந்தபோது ஊர்ப் பாதையில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். பதினைந்து நாள் எதிர்ச்சரிவுக் காவல் குடிசையில் தனியாக இருந்த பிறகே ஊருக்குள் வரலாம் என்றார்கள்.

"தெனமும் காலையில அடுப்புப் பத்த வெக்கிறேன் புள்ளே. பொகை தெரிஞ்சா நான் நல்லா இருக்கறேன்னு நெனைச்சுக்க" என்று அங்கிருந்தே கூவினான்.

மறுநாள் குழந்தை பிறந்தது. தகவலையும் ஓடையைத் தாண்டிக் கூவித்தான் சொன்னாள்.

"பொண்ணுங்க!"

"யாராட்டம் இருக்குது?"

"மூக்கு உங்களாட்டம். இதை எவன் கட்டுவானோ!"

அவன் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது.

"அழுகச் சொல்லு புள்ளே, சத்தத்தைக் கேக்கறேன்."

"தூங்குதுங்க. நாளைக்கு."

அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. அவன் கூப்பிடும்போதெல்லாம் குழந்தை தூங்கியது. பிறகு மூன்று நாள் அவன் குரலைவிட இருமல்தான் அதிகம் வந்தது. நேற்று வெறும் புகை. இன்று அதுவும் இல்லை.

பாவாயி கஞ்சிச் சட்டியைத் தொலைவில் பாறைமேல் வைத்தாள்.

"அக்கா, அங்க பொகையைக் காணமுங்க."

"வெறகு நனைஞ்சிருக்கும் கண்ணு."

"மழையே இல்லீங்களே! யாரையாச்சும் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

"யாரு சாமி போவாங்க?"

"அப்ப நான் போறேன்."

"போ. போனா நீயும் பதினஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் வர முடியாது. பச்சை மண்ணுக்கு யாரு பால் குடுப்பா?"

அத்தாயி குழந்தையைப் பார்த்தாள். பிறகு தொண்டை கிழியக் கூவினாள். பதில் இல்லை. மறுபடியும் கூவியபோது குரல் பாதியில் உடைந்தது.

குழந்தை அசையாமல் தூங்கியது. துணியை விலக்கி, அதன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

வீறிட்ட அழுகை ஓடையைத் தாண்டிப் பாறையில் மோதித் திரும்பியது.

"அடிப்பாவி! உனக்குக் கிறுக்கா?" என்று பதறினாள் பாவாயி.

"அவரு கேக்கட்டுமக்கா."

குழந்தை அழுது அழுது சிவந்தது. அத்தாயியும் அழுதாள். ஆனால் குழந்தையின் வாயில் முலையை வைக்கவில்லை. பாவாயி போகாமல் பாறையருகே நின்றுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து, எதிரே கூரைப் புல்லின் இடுக்கில் நூல் போலப் புகை கசிந்தது. குரல் வரவில்லை. புகை மட்டும் அறுந்து அறுந்து, பிறகு நிலைத்து எழுந்தது.

அத்தாயி அப்படியே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பிஞ்சுத் தொடையில் நகக்குறி சிவந்திருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நாளைக்கு மறு தொடையில் கிள்ள வேண்டும்.