லோயர்மார் மடுல்சீமை போனது

நிரஞ்சலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். லோயர் என்றால் அது இருக்கத்தானே வேண்டும் என்பீர்கள். அதற்காக, கோயில் திருவிழாவில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று இப்படியா ஒருத்தி வாக்குக் கொடுப்பாள்?

மடுல்சீமைக்கு மேலே உள்ள அவளுடைய தேயிலைத் தோட்டத்தில் லோயராகி வந்த முதல் ஆள் அவள்தான். அதனால் மேடையேற்றி மாலை போட்டார்கள். மாலை விழுந்ததும் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. முன்வரிசையில் இராக்கம்மா அத்தை உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நிரஞ்சலாவுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

அத்தைக்கு வந்த வில்லங்கம் இதுதான். தொழிலாளர் லயத்துக் காம்பிராவில் பிறந்தவள், பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அடையாள அட்டை எடுக்கிற காலத்தில் எழுதியவர் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கின்படி அடுத்த மாசக் கடைசியில் அத்தைக்கு அறுபது. அறுபது ஆனால் செக்ரோலில், அதான் தோட்டத்து வேலைப் பதிவில், பேர் வெட்டிவிடுவார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது. ஆனால் அத்தையின் சொந்த அண்ணன், அதாவது நிரஞ்சலாவின் அப்பா அழகர், ஐம்பத்தெட்டு வயதில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தினமும் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்! தங்கச்சி அண்ணனை முந்திக்கொண்டு கிழவியான அதிசயத்தை உலகத்தில் வேறெங்கே பார்ப்பீர்கள்? அழகர் வேறு குசும்புக்கு அவளை "வாங்கக்கா" என்று கூப்பிடுவார். அத்தை விறகுக்கட்டையைத் தூக்குவாள்.

அத்தை பிறந்தபோது கூட இருந்தவர்களில் மூக்காயி மட்டும்தான் மிச்சம். அவள் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்து, லோயர் ஒருவர் அதில் சீல் குத்தினால் பேர் வெட்டுவதை நிறுத்திவிடலாம். ஆனால் மூக்காயிக்கு எண்பது தாண்டியாயிற்று. டவுனுக்கு இறங்கும் பசறை ரோட்டு வளைவுகளைப் பற்றிப் பேசினாலே அவளுக்கு வயிற்றைப் பிரட்டும், பஸ்ஸில் எங்கே ஏற்றுவது? நிரஞ்சலாவே குத்தலாம் என்றால், சொந்த அத்தை விஷயத்தில் அது முறையில்லை. அத்தையைப் போலவே காணி, பென்ஷன், பதிவு என்று ஆளுக்கொரு பிரச்சினையை வைத்துக்கொண்டு தோட்டமே உட்கார்ந்திருந்தது. பதுளை டவுனுக்குப் போய்வந்தால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும் என்று யாரும் இறங்குவதில்லை.

"யாரும் டவுனுக்கு வந்து அலைய வேணாம். அடுத்த மாசம் முடியிறதுக்குள்ள பதுளை லோயர்மார் அத்தன பேரையும் நான் இங்கயே கூட்டிட்டு வர்றேன்," என்று மைக்கில் முழங்கிவிட்டாள்.

கைதட்டு மலையில் மோதித் திரும்பி வந்தது. மேளக்காரர் சும்மா இருப்பாரா, அவரும் ஒரு தட்டுத் தட்டினார். லோயர்மாரில் ஒருவரிடம்கூட இன்னும் கேட்கவில்லை என்பது அவளுக்கு மறுநாள் பஸ்ஸில்தான் உறைத்தது.

நல்லவேளையாக, அந்த வாரமே லோயர்மார் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். சங்கத்தில் சட்ட உதவிக் குழு என்று ஒன்று உண்டு. அதில் எப்படியாவது நுழைந்துவிட்டால் குழுவையே மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். குழு பெயரைத் தலைவர் வாசித்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

ஐயோ, தூக்கியிருக்கக் கூடாது! அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் குழுவை ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறாரோ, அதை அவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கேட்டால், கட்சிக்காரர் பிடிக்க வருகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டாம், உடம்புக்கு முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று யார் அதிகமாக மறுக்கிறாரோ அவர் தலையில்தான் பதவியைக் கட்டுவார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி எடுத்துக்கொள்கிற மாதிரி, அங்கே மூத்த லோயர்மாரெல்லாம் தலையை ஆட்டி ஆட்டியே பதவி வாங்கினார்கள். புதுப்பெண்ணுக்கு இது எங்கே தெரியும்? பக்கத்திலிருந்த சிநேகிதி ஷம்ரா சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

சட்ட உதவிக் குழு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து மறுத்த ஸலீம் சேரிடம் போனது. பெரிய லோயர், தங்கமான மனிதர், ஆனால் வளைந்த ரோட்டில் போனால் வாந்தி எடுப்பார். சட்ட உதவி முகாமைப் பதுளை நகர மண்டபத்தில் வைத்தால் போதும், தேவையானவர்கள் வருவார்கள்தானே என்று அங்கேயே சொல்லிவிட்டார். நிரஞ்சலாவைச் சும்மா விடுவானேன் என்று வருடாந்த ஒன்றுகூடல் சுற்றுலாக் குழுவுக்கு அமைப்பாளராகப் போட்டார்கள். சங்கத்திலேயே யாரும் மதிக்காத குழு அது. வேலை என்னவென்றால் பஸ் பிடிப்பது, சாப்பாடு சொல்வது, கிரிக்கெட் மட்டையை மறக்காமல் ஏற்றுவது.

வெளியே வந்து வாசல் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அத்தை முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழாக்குறையாகக் கேட்டாள். ஷம்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, ஒன்றுகூடலை எங்கே வைப்பது என்று யார் முடிவுசெய்வது என்று கேட்டாள்.

நிரஞ்சலா நிமிர்ந்தாள். குழுதான் முடிவுசெய்வது. குழுவில் இருப்பது அவளும் ஷம்ராவும், எந்தக் கூட்டத்துக்கும் வராத ஒருவரும். அடேயப்பா! இரண்டு பேரும் அந்தப் படியிலேயே கூட்டம் கூட்டி, அந்தப் படியிலேயே தீர்மானம் நிறைவேற்றி, நீதிமன்ற வளாகம் என்றும் பாராமல் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள்.

மடுல்சீமை என்றதும் லோயர்மாருக்கு ஒரே சந்தோஷம். மலைவிளிம்பு, மூடுபனி, படம் பிடிக்க நல்ல இடம். பகல் சாப்பாடு தோட்டத்து மைதானத்தில் என்று நிரஞ்சலா அறிவித்தாள். அதில் பொய்யில்லை. மைதானத்தில் வேறு யார் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பசறையில் சமையல் வேலை செய்யும் ஷம்ராவின் மாமா ஜௌபர் கையால் ஆட்டிறைச்சிப் பிரியாணி என்று கேள்விப்பட்டதும் ஸலீம் சேர்கூட மாத்திரை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார்.

மாத்திரை பசறை வரைக்கும்தான் வேலை செய்தது. அதற்குமேல் ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டிலிருந்து பைலாப் பாட்டு, முன்சீட்டிலிருந்து ஸலீம் சேரின் முனகல். தோட்டத்தில் இறங்கியதும் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மரத்தடியில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

மைதானத்தில் தோட்டமே இருந்தது. குளித்து, தலைவாரி, பொட்டு வைத்து, பிளாஸ்டிக் பைகளில் கடதாசிகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூக்காயியை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் வைத்திருந்தார்கள். பக்கத்தில் அத்தை, வெளுத்த நீலச் சேலையில். லோயர்மார் மட்டையும் பந்துமாக அப்படியே நின்றுவிட்டார்கள். தலைவர் நிரஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தார். இப்போது எல்லாரும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் தன் கதி என்ன, அத்தையின் கதி என்ன என்று அவள் பஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

அழகர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு தலைவரிடம் போனார். மகளைப் பார்க்கவேயில்லை. என் தங்கச்சிக்கு என்னைவிட வயது கூட என்று ஐடென்டியில் இருக்கிறது, இதற்கு என்ன செய்யலாம் சேர் என்று மெதுவாகக் கேட்டார். லீவு நாளில் மனிதரைத் தட்டிக்கழிக்கவும் மனசில்லாமல், தலைவர் பொதுவாக ஏதோ சொன்னார். முதலில் பிறப்பைப் பதிந்துவிட்டு வாருங்கள், அது முடியக் கொஞ்சக் காலம் எடுக்கும், அதுவரை ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மரத்தடியில் கண்மூடிக் கிடந்த ஸலீம் சேர் எழுந்து உட்கார்ந்தார்.

"சேர், மன்னிக்கணும். அது அப்படியில்ல."

லோயரை வாந்தி சாய்க்கலாம், காய்ச்சல் சாய்க்கலாம். பக்கத்தில் இன்னொரு லோயர் தப்பாகச் சட்டம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க மட்டும் அவரால் முடியவே முடியாது. பதிவு நடக்கிறபோது நடக்கட்டும், சத்தியக் கடதாசியை இன்றைக்கே கொடுத்துப் பேர் வெட்டுவதை நிறுத்தலாமே என்று ஸலீம் சேர் தள்ளாடிக்கொண்டு வந்தார். தலைவர் மறுத்தார். மூன்றாவது ஒருவர் இரண்டு பேருமே தப்பு என்றார். அதற்குள் பக்கத்து வரிசையில் ஒரு கிழவர் தன் காணிக் கடதாசியை நீட்ட, அதை வாசித்தவர் ஒன்று சொல்ல, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர் வேறொன்று சொன்னார். பிறகென்ன! மைதானம் முழுக்க லோயர்மார் குந்திக்கொண்டும் நின்றுகொண்டும், தண்ணீர் வாளியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டும் எழுதித் தள்ளினார்கள். பந்து எங்கே உருண்டதென்று யாருக்கும் தெரியாது. பிரியாணி ஆறுகிறது, பிரியாணி ஆறுகிறது என்று ஜௌபர் மாமா கரண்டியோடு சுற்றிச் சுற்றி வந்தார். நிரஞ்சலாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தது.

மூக்காயி சத்தியம் செய்தாள். அழகருக்குப் பால்குடி மறந்தபிறகுதான் இராக்கம்மா பிறந்தாள், தொப்புள்கொடியை அறுத்த கை இந்தக் கைதான் என்று கையையும் நீட்டிக் காட்டினாள். ஸலீம் சேர் அழகரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், எழுதினார், சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்துக் குத்தினார். பிரியாணிக்காக வந்திருந்த பெரிய கணக்கப்பிள்ளை கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். தோட்டத்துத் துரையிடம் கொடுக்கிறேன், இது இருக்கும்போது பேர் வெட்ட ஏலாது, நாளைக்குப் பெரட்டுக்கு வரச்சொல்லுங்கள் என்றார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸலீம் சேர் அவள் பக்கத்தில் குனிந்தார். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவர், இப்போது வயது தெரிந்துவிட்டதல்லவா, மாற்றிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு காலம் மல ஏறிட்டீங்க. பேசாம ஊட்டுல இருந்தா நல்லமில்லையா?"

அத்தை முந்தானையை எடுத்தாள்.

"நிக்கணும்னா நானே நிப்பேன் சேர். இன்னையோட போதும்னு கூடைய நானே எறக்கி வைப்பேன். என் பேர அவுங்க வெட்டக் கூடாது."

ஸலீம் சேர் நிமிர்ந்தார். பிறகு நிரஞ்சலாவைக் கூப்பிட்டு, பிரியாணியை மூடி வைக்கச் சொல்லு மகள் என்றார். வாளிக்குப் பின்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சீலை மையில் ஒற்றிக்கொண்டு, அடுத்த ஆளை வரச்சொன்னார்.