வேலிக்கு அந்தப் பக்கம்

அப்பா செத்தபின் நிலத்தில் தன் பங்கை அவள் கேட்டு வாங்கியதிலிருந்து அண்ணன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவன் மாடுகள் மட்டும் கூச்சமில்லாமல் வந்து அவள் சோளத்தை மேய்ந்தன. ஒருநாள் அவள் நடுவில் வேலி கட்ட இறங்கினாள்.

மாடு முட்டினால் கம்பி வேலிக்கல்லோடு அழுந்த வேண்டும். அதனால் முள்கம்பியை மாடு வரும் பக்கமாகத்தான் கட்டுவார்கள். அன்று முழுக்க அவள் அண்ணன் நிலத்தில் நின்று, கடப்பாரையால் கம்பியை நெம்பி, கடப்பாரையை இடுப்பால் தாங்கிக்கொண்டே கட்டுக்கம்பியை முறுக்கினாள். கூப்பிட ஆளில்லை.

ஐந்தாவது கம்பியும் விறைத்து நின்றபோதுதான் உறைத்தது. அவள் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். வேலியில் வழி விட்டுக் கட்டவில்லை. சுற்றிப் போவதென்றால் அண்ணன் வாசலை மிதிக்க வேண்டும். மிதிப்பதில்லை என்பது அவள் சபதம்.

வரப்பில் நின்ற அண்ணன் சிரித்தான். "பட்டம் வாங்கினவ வேலி கட்டுற லட்சணத்தப் பாரு. மாட்டோட மாடா இங்கேயே நில்லு."

அவள் குப்புறப் படுத்து அடிக்கம்பிக்குக் கீழே ஊர்ந்தாள். முள் முதுகில் சட்டையைக் கவ்வியது.

"இரு, எடுத்து விடுறேன்." இப்போது குரலில் கிண்டல் இல்லை.

"வேணாம். உன் மாட்டப் பாத்துக்க."

சட்டையும் கொஞ்சம் தோலும் கிழிய அவள் தன் பக்கம் வந்து சேர்ந்தாள். வீட்டில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, விரலில் மருந்தோடு எப்படியெல்லாமோ கையை வளைத்துப் பார்த்தாள். காயம் எட்டவில்லை.