இறங்கினது எவ்வளவு

அரங்கநாதன் சார் போனில் சுற்றிவளைக்காமல் பேசினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வழக்கமாக மனுஷர், மழை உண்டா, உன் சம்சாரம் கண்ணகி எப்படி இருக்கிறாள் என்று ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. கள்ளக்குறிச்சியில் பட்டறை வாசலில், சாணை பிடித்து வாங்கிய போர்வெல் துளையிடும் பிட்டைத் தோளில் சுமந்துகொண்டு நின்ற தங்கதுரையிடம் அவர் நேராகக் கேட்டுவிட்டார்.

"தொர, அந்தக் கடைசி பன்னண்டு கம்புகிட்ட நீ போனியா?"

போகாமல்? தங்கதுரைக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது பிட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டான். போனேன் சார் என்றான். சார் அதையே மறுபடியும் கேட்டார். அதுதான் அவனைச் சுட்டது.

ஊரில் அவனுக்கு ஐஸ் தொர என்று பெயர். அவன் மெட்ராசில் ஏதோ ஐஸ் கம்பெனியில் ஐந்து மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தான் என்றுதான் பாதித் தெரு இன்னும் நம்புகிறது. அவன் போனது அண்டார்டிகாவுக்கு. திருக்கோவிலூர்க்காரரான அரங்கநாதன் அங்கே பனியை அளக்கிற விஞ்ஞானி. பனியில் துளை போட்டு மூங்கில் கம்பு நட ஆள் வேண்டும் என்றதும், பாறையையே துளைக்கிறவனுக்குப் பனி எம்மாத்திரம் என்று வாதாடி அவனைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் லேசர் அடித்துப் பனியின் உயரத்தைச் சொல்கிறது. அது சொல்வது சரிதானா என்று தரையில் பார்க்க, அது கடந்து போகிற கோட்டிலேயே வரிசையாகக் கம்பு நட்டு, வருஷத்துக்கு ஒரு முறை போய் அளக்க வேண்டும். புதுக் கம்புகளை நட்டு முடித்தபின், பழைய கம்புகள் நாற்பத்திரண்டையும் அளக்கக் கிளம்பினார்கள். முப்பதைச் சாரே அளந்து எழுதினார். முப்பத்தொன்றாவதுக்குப் போவதற்குள் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. நோட்டை இவன் கையில் கொடுத்து, மிச்சத்தை அளந்து எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுக் கூடாரத்தில் படுத்துக்கொண்டார்.

அன்று அடித்த காற்றை நினைத்தால் இப்போதும் காது வலிக்கிறது. பனியில் ஓடுகிற வண்டியின் முன்மூக்கு தெரியவில்லை. வண்டியின் கூரையில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டி குளிரில் செத்துப்போனது. டிரைவர் உள்ளேயே இருந்தார். தங்கதுரை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பையும் தடவித் தேடி, கட்டிப் பிடித்து, டேப் வைத்து அளந்தான். பன்னிரண்டு முறை இறங்கினான், பன்னிரண்டு முறை ஏறினான்.

இப்போது சார் சொல்கிற கணக்கு வேறாக இருந்தது. முப்பத்தொன்றாம் கம்பு போன வருஷம் பனிக்கு மேல் நூற்று முப்பது சென்டிமீட்டர் நின்றது. தங்கதுரை எழுதியது இருநூறு. அப்படியென்றால் பனி எழுபது சென்டிமீட்டர் குறைந்திருக்க வேண்டும். செயற்கைக்கோளோ அங்கே முப்பது ஏறியிருக்கிறது என்கிறது. பன்னிரண்டு கம்பும் இதே லட்சணம். டிரைவரைக் கேட்டால், இறங்கினான், ஏறினான், கம்புவரைக்கும் போனானா என்று பார்க்கவில்லை என்கிறாராம். குளிருக்குப் பயந்து வண்டியின் மறைவில் நின்று வாய்க்கு வந்த எண்ணை எழுதியிருப்பான் என்று விஞ்ஞானிகள் கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு அறிக்கை போகிறது. பன்னிரண்டையும் அடித்துவிட்டு, காரணமும் எழுத வேண்டும். நான் இன்னாப்பா எழுதட்டும் என்று கேட்டு அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிமலைக்குப் போகிற ஜீப்பில் தங்கதுரை பிட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த பயணம் போனால் போகட்டும். பனியில் மரத்துப்போன இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, கண்ணகிக்கு அவனை மறுபடி அனுப்ப இஷ்டமும் இல்லை. ஆனால் பொய்யன் என்று எழுதி அனுப்பப்போகிறார்களே, அதுவும் சார் கையாலேயே.

மலையில் சாலம்மாளின் மரவள்ளிக் காட்டில் போர்வெல் வண்டி நின்றது. கூட்டாளி பழனி மிஷினை ஓட்ட, இவன் சாணை பிடித்த பிட்டைப் போட்டு ராடு இறக்கினான். மூன்று மணியைத் தாண்டியபோது மூன்றாவது ராடு போய்க்கொண்டிருந்தது. சாலம்மாள் காலையிலிருந்து அந்தத் துளையைவிட்டு நகரவில்லை. காது கிழிகிற சத்தத்துக்கு நடுவில் எத்தனை அடி போச்சு என்று கேட்டாள். அவன் ராடைப் பார்த்து அம்பத்தாறு என்றான். அவள் நம்பவில்லை. பூமிக்குள்ளே போனது உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று மடக்கினாள்.

"ஒரு ராடு இருபது அடிக்கா. மூணு ராடு அறுபது. நாலு வெளிய நிக்குது, கழிச்சா அம்பத்தாறு. பள்ளம் போடுறவனுக்கு உள்ள போனது தான் கணக்கு. வெளிய நிக்கிறத எவன் எழு..."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

பதினெட்டு வருஷமாக அவன் வெளியே நிற்பதை எழுதியதில்லை. வெளியே நிற்பதை அளப்பான், மொத்த நீளத்தில் கழிப்பான், இறங்கினதை எழுதுவான். அந்தக் காற்றிலும் அதையேதான் செய்திருக்கிறான். முன்னூறு சென்டிமீட்டர் மூங்கில், வெளியே நூறு, எழுதியது இருநூறு. அளந்து எழுது என்றார் சார். எதை எழுது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டு, பழனியிடம் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறையைப் பார்த்து ஓடினான்.

மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. மூச்சிரைக்க அவன் சொன்னதைச் சார் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு காகிதம் புரளும் சத்தம் கேட்டது. முப்பத்தொன்று: வெளியே நூறு, ஏற்றம் முப்பது. முப்பத்திரண்டு: நோட்டில் நூற்றுத் தொண்ணூறு, வெளியே நூற்றுப் பத்து, போன வருஷம் நூற்று நாற்பத்திரண்டு, ஏற்றம் முப்பத்திரண்டு. செயற்கைக்கோள் முப்பத்தொன்று என்கிறது. சார் குரல் மெல்ல மெல்ல ஏறியது. நாற்பத்தொன்றுவரை எல்லாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வந்து உட்கார்ந்தன.

நாற்பத்திரண்டில் சார் நின்றுவிட்டார். அந்த ஒரு கம்பு மட்டும் பனி எழுபத்துநாலு ஏறியதாகச் சொல்கிறது. செயற்கைக்கோளுக்கு அங்கே வெறும் இருபத்தொன்பது.

"நாப்பத்தஞ்சு இடிக்குதே தொர" என்றார். குரலில் காலையில் இருந்த சந்தேகம் திரும்பியிருந்தது.

தங்கதுரை கண்ணை மூடினான். கடைசிக் கம்பு. விரல் செத்துப்போன நேரம். கம்பின் முனையைத் தொட்டபோது கையுறையில் ஏதோ மாட்டிக்கொண்டது. சிம்பு, கூரான சிராய். மூங்கில் பிளந்து நின்றது.

"அதுல முனை ஒடஞ்சிருந்துச்சு சார். காத்துல ஒடஞ்சி நார்ல தொங்கிக்கினு இருந்துச்சு. நிக்கிறத மட்டும் தான் அளந்தேன். பென்சில் புடிக்க முடியல, அத எழுதாம வுட்டுட்டேன்."

"எவ்ளோ ஒடஞ்சிருந்துச்சு?"

"ஒரு முழம் சார். இவ்ளோ." போன் காதில் இருப்பதை மறந்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கையை நீட்டிக் காட்டினான்.

அந்தப் பக்கம் பென்சில் கீறியது. பிறகு அரங்கநாதன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"முழம்னா நாப்பத்தஞ்சுப்பா. வண்டி மறைவுல நின்னு எழுதினவனுக்கு இது தெரியாது. நீ போயிருக்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நான் தான் சந்தேகப்பட்டுட்டேன்."

அதோடு லைன் அறுந்தது. தங்கதுரை கூச்சமில்லாமல் அழுதான். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனம் இறங்கியது. காற்று எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகும்போல இருந்தது.

மிஷின் நின்றுபோன கவலையில் சாலம்மாள் பாறைமேல் ஏறி வந்திருந்தாள். கண்ணீரும் நீட்டிய கையுமாக நின்றவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, தண்ணி அவ்ளோ தானா?"

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். கீழே பழனி பொறுமையிழந்து மிஷினைத் தட்டிவிட்டான். மரவள்ளித் தழைகளுக்கு மேலே கல்மாவு வெள்ளையாகக் கிளம்பியது. சாலம்மாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அதற்குள் இறங்கிப் போனாள். அவன் கையை இன்னும் மடக்கவில்லை.