கன்னையன் ஜீப் வந்தாச்சு

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குப் பத்து வருடங்களுக்கு முன் நானும் ஈஸ்வரும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. எடை, ரகம், பில், பட்டுவாடா என்று ஏகப்பட்ட பகுதிகள். இப்போது முதலாளி மகன் ராஜ்கமல், பில்லை மட்டும் தனியாகப் பிரித்துச் செல்போனில் ஓடவைக்கச் சொன்னான்.

"சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா சொல்லுங்கக்கா. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு ரெடிமேடா வாங்கிக்கிறேன்."

என் இளமையை ரெடிமேடாக வாங்குவானாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, எந்தப் பகுதி எதை நம்பி நிற்கிறது என்று படம் வரைந்து காட்டும் கருவியை ஓடவிட்டேன். அத்தனை கோடுகளும் ஒரே பெட்டியில் போய் முட்டின. பெட்டியின் பெயர் கன்னையன்.

கன்னையன் அண்ணன் ஜீப் ஓட்டியவர். விடியலில் தோட்டத்து ஆட்களை மலைமேல் இறக்கிவிட்டு, திரும்பும்போது போடிமெட்டில் ஏலக்காய் மூட்டைகளோடு என்னையும் ஏற்றி வருவார். அப்போது என் வீடு அங்கேதான். அவர் காலமாகி நான்கு வருடமாகிறது. இன்றும் கடையில் எடை போடும் மகாராணி, 'கன்னையன் ஜீப் வந்தாச்சு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் தராசைத் தொடுகிறாள். அழுத்தாவிட்டால் எதுவும் திறக்காது.

"எதுக்குடி அது?" என்று கேட்டேன்.

"சாமி கும்பிடுற மாதிரிக்கா," என்றாள்.

மலை லோடு வந்தபிறகுதான் எடை போட வேண்டும் என்று ஈஸ்வர் வைத்ததாகவே நான் நினைத்திருந்தேன். அப்படியானால் எடையை மட்டும்தானே அதில் கட்டியிருக்க வேண்டும்? கிறுக்குப் பயல். மதுரையில் இருக்கும் அவனுக்குப் போன் போட்டேன். பேசிப் பல வருடமாயிற்று.

"ஏப்பா, பழைய பில்ல அச்சடிக்கக்கூட ஜீப்பு எதுக்கு? இங்க எனக்கு உசுரு போகுது."

சிரித்தான். "இன்னும் அதே வாயி." பிறகு சொன்னான்:

"லோடுக்கு இல்ல அனுசியா. லோடு எந்த ஜீப்புலயும் வரும். நீ அந்த ஜீப்புலதான வருவ. நீ வராம கடையில எந்தச் சோலியும் தொடங்கக் கூடாதுன்னு வச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"தெனமும் நீதான அந்தப் பொத்தான அமுக்குன. என்னைக்காவது கேப்பன்னு இருந்தேன்."

அவன் பக்கம் ஒரு பெண்பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

குளிரில் விறைத்த கையோடு நான் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, டீ வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். நேரமாச்சு என்று எரிந்து விழுவேன். அந்தக் காலைகளில் ஒன்றாவது திரும்பக் கிடைக்காதா என்றிருந்தது. அழுதேன்.

பிறகு ஒவ்வொரு கோடாக வெட்டினேன். கடைசியில் அந்தப் பெட்டியையும் அழித்தேன்.

சாயங்காலம் ராஜ்கமல் செல்போனில் பில் போட்டுப் பார்த்தான். "சூப்பர்க்கா. பொத்தான் அமுக்காமலே தொறக்குது. இனிமே யாருக்காகவும் காத்துக்கிட்டுக் கெடக்காதுல்ல?"

"கெடக்காது தம்பி," என்றேன்.