இரண்டு ஏழுகள்

பியானோவைப் பிரித்தால் ஒவ்வொரு உறுப்பிலும் பென்சிலால் எண் இடுவது எங்கள் பட்டறை வழக்கம். அதை எழுதியது நானா, தம்பியா என்று யாராலும் சொல்ல முடியாது. குடும்பம் ஒன்றென்றால் கையெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா அடித்துப் பழக்கினார். நானும் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்துப் பியானோ வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளுக்குத் தேர்வு. சுத்தியல்களைத் தூக்கிவிடும் எண்பத்தெட்டு நெம்புகோல்களையும் கழற்றினோம். நான் இடக்கோடியிலிருந்து, தம்பி வலக்கோடியிலிருந்து. ஆளுக்கு ஒன்று முதல் நாற்பத்துநான்கு வரை.

“அண்ணே, என்னோடதுக்கு அடியில ஒரு கோடு போட்டுக்கட்டுமா?”

“எதுக்கு? திறந்து பாக்கறவன், அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுட்டாங்கன்னு சிரிக்கவா? ரெண்டு தட்டு இருக்குல்ல, போதும்.”

வியாழக்கிழமை, ஈரம் போகட்டும் என்று தட்டுகளை மொட்டைமாடியில் வெயிலில் வைத்தோம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தம்பி மனைவி ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளி வந்தாள்.

“ஒண்ணுகூட நனையல மாமா. நம்பர்தான் போட்டிருக்கீங்களே, கலந்தா என்ன?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கூடையில் இரண்டு ஏழு; இரண்டு இருபத்துமூன்று. பார்க்க எல்லாம் ஒரே அச்சு, தேய்மானம் மட்டும் தனித்தனி. இடம் மாறினால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். நான்கு நாள் வேலை.

“இந்த ஏழு உன்னுதா?”

“தெரியலண்ணே.”

“உன் கை உனக்கே தெரியாதாடா?”

“உங்களுக்குத் தெரியுதா?”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

ஐந்து மணிக்கு வண்டியோடு டீச்சர் வந்தார். “ஏத்திடலாமா பெரியவரே?”

தம்பிதான் விஷயத்தைச் சொன்னான்.

“பதினேழு பிள்ளைங்க ஆறு மாசமா வாசிச்சுப் பழகியிருக்காங்க! யார் செஞ்ச தப்பு இது?”

“நான்தான் டீச்சர். அண்ணன் சொல்லியும் கேக்காம குழப்பிட்டேன்.”

“பெரியவர் பேச்சைக் கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?” என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டு, டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவன் இல்லை, நான் என்று சொல்ல வேண்டும். வாசலுக்கு நாலே எட்டு நடைதான். டீச்சர் யாரிடமோ தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். தம்பி என் பக்கம் திரும்பவில்லை. ஒரு நெம்புகோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன், நிமிர்ந்தபடி.